கரை என்று வரையப்பட்ட காயல்

ஓலக்கடவு
மே 2, செவ்வாய்

இத்தாத்தா,

இதைக் குளியலறையில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மடியில் அட்லஸ், அதன்மேல் தாள். உம்மா கூடத்தில் படுத்திருக்கிறாள். விளக்கு எரிவதைப் பார்த்து, "என்னடீ, இன்னும் முடியலையா?" என்று ஒருமுறை கேட்டாகிவிட்டது. வயிறு சரியில்லை என்றேன். நேற்றும் அதையே சொன்னதால் காலையில் ஒரு குவளை இஞ்சிச் சாறு குடிக்க வேண்டியதாயிற்று. நாளைக்கும் உண்டு.

நான் சொந்த அக்காவான உனக்கு எழுதுவது வாசகசாலையைப் பார்த்துக்கொள்ளும் பவித்ரேட்டன் ஒருவருக்குத்தான் தெரியும். நீ எழுதினால் வாசகசாலை முகவரிக்கு எழுது. உறையின் பின்னால் உன் பெயர் வேண்டாம், வேறு ஏதாவது பெயர் போடு. வந்ததும் ஒரு புத்தகத்துக்குள் வைத்து என்னிடம் தருவார். "நீங்க படிப்பீங்களா?" என்று கேட்டேன். "மோளே, இந்த வாசகசாலைல இருக்கற புத்தகத்தையே நான் பாதிதான் படிச்சிருக்கேன். ஒட்டின உறையைப் பிரிக்க நேரம் ஏது?" என்றார். அவரிடம் போன் இல்லை என்பது உனக்கே தெரியும். வாங்கவும் மாட்டாராம்.

நான் எழுத வந்தது இதுதான். சில நாளாக இரவில் காயலில் கவரு பூக்கிறது. துடுப்பு பட்ட இடமெல்லாம் நீலமாக எரிகிறது. மீன் ஓடினால் கோடு போட்டதுபோல் தெரிகிறது. டவுனிலிருந்து பையன்கள் பைக்கில் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். கயிற்றில் கல்லுமக்காய்ச் சிப்பி வளர்க்கும் நம் குழுப் பெண்களுக்கு ஒரே சந்தோஷம். கவரு பூத்தால் கல்லுமக்காய் கொழுக்கும் என்பார்களே, அது உண்மைதான். உம்மா ஒரு கயிற்றைத் தூக்கிப் பார்த்தாள். காய் ஒவ்வொன்றும் என் கட்டைவிரலைவிடப் பெரிது. பல மாதத்துக்குப் பிறகு உம்மா சிரித்ததைப் பார்த்தேன்.

ஆனால் பக்கத்து வீட்டுக் குஞ்ஞாமிதாவின் வாத்துகள் இருக்கின்றனவே, உடைந்த காயைத் தின்றுவிட்டு அவற்றில் இரண்டு கழுத்தைத் தூக்க முடியாமல் தண்ணீர் ஓரத்தில் கிடந்தன. நடக்க வைத்தால் பக்கவாட்டில் சாய்கின்றன. எல்லாரும் சிரித்தார்கள். "கள்ளுஷாப்புக்குப் போய்ட்டு வந்த வாத்து" என்றாள் குழுவிலிருக்கும் ஶ்ரீமதியேச்சி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைக் கண்டு அவள், "என்னடீ குட்டி சாட்டிலைட்டே, நீயும் மேலேர்ந்து ஏதாவது பாத்துட்டியா?" என்றாள். உம்மாவின் முகம் மாறிவிட்டது. நான் உடனே சிரித்தேன்.

போன வருஷம் உன் அலுவலகத்துச் செயற்கைக்கோள் திரையில் கடல் சிவப்பாகத் தெரிந்தது என்று நீ போன் செய்தாய். உம்மா குழுவில் எல்லாரையும் நிறுத்தினாள். ஒரு கயிறுகூட எடுக்கக் கூடாது என்று படகின் குறுக்கே நின்றாள். சோதனை முடிவுக்குக் காத்திருந்தபோதே மழை பிடித்து, ஆற்று நீர் இறங்கி, காயெல்லாம் கயிற்றிலேயே வாய் பிளந்து செத்தது. பிறகு முடிவு வந்தது. விஷம் இல்லையாம். அன்று உம்மா உன்னிடம் கடைசியாகப் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது: "வானத்துல உக்காந்துகிட்டு அடுப்புல உப்பு சரியான்னு சொல்ற மோள் எனக்கு வேண்டாம்." அதற்குப் பிறகு உன் எண்ணையே அடைத்துவிட்டாள்.

எனக்கு உன்மேலும் கோபம் உண்டு. இருந்தாலும் கேட்கிறேன். மேலிருந்து பார்த்துச் சொல். நம் தண்ணீர் நன்றாக இருக்கிறதா?

நிஹாலா


ஐதராபாத்
மே 7, ஞாயிறு

நிஹாக்குட்டி,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் முதலில் உம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். படித்து முடித்ததும் நாற்காலியிலிருந்து எழவே தோன்றவில்லை. இஞ்சிச் சாற்றை நினைத்துச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று விடுமுறை நாளிலும் அலுவலகம் போய் நம் பக்கத்துப் படங்களைத் திறந்து பார்த்தேன். நீ நினைப்பதுபோல் நான் மேலிருந்து எல்லாவற்றையும் பார்ப்பவள் இல்லை. செயற்கைக்கோள் கடலைக் கட்டம் கட்டமாக அளக்கிறது. நம் ஓலக்கடவு, காயல், அதில் கயிறு கட்ட உம்மா நட்ட மூங்கில்கள், நம் வீடு, பள்ளிவாசல் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். பாதி மண்ணும் பாதி நீருமாக இருக்கும் கட்டத்தைக் கணினி நம்பாது. கரை என்று முடிவு செய்து சாம்பல் நிறம் பூசிவிடும். எங்கள் படத்தில் நம் காயலே கிடையாது, நிஹா. நான் பிறந்த இடத்துக்கு எண்ணே இல்லை.

வெளிக்கடலில் எண் உண்டு. அங்கே சுத்தமாக இருக்கிறது. கழிமுகத்தில் கொஞ்சம் கலங்கல், அது சேறாக இருக்கலாம். அதற்குப் பிறகு மேகம். மழைக்கு முன்னால் இந்தக் கரை முழுவதும் இப்படித்தான் மூடிக்கொள்ளும்.

இன்னொன்று. செயற்கைக்கோளுக்கு நிறம் தெரியும், விஷம் தெரியாது. போன வருஷம் நான் பார்த்த சிவப்பு உண்மையான சிவப்பு. அது பொல்லாத பாசி இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் இதை யாரிடம் சொல்ல? குழுப் பெண்கள் எனக்கு வைத்த பட்டப்பெயரால் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அதனால் சொல்கிறேன், யாரிடமும் எதுவும் பேசாதே. வாத்துக்கு ஆயிரம் நோய் வரும். என் பெயரைச் சொன்னால் உனக்குத்தான் அடி விழும். வாயை மூடிக்கொண்டு பகலில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து எனக்கு எழுது. எனக்கு ஆதாரம் வேண்டும். ஆதாரம் இல்லாமல் இன்னொரு முறை அந்தக் கயிறுகளை நிறுத்தச் சொல்லி என்னால் கேட்க முடியாது. என் மேலதிகாரியும் கேட்க மாட்டார். போன வருஷத்துக்குப் பிறகு நான் ஓர் அறிக்கையை நீட்டினாலே, "மறுபடியும் உங்க ஊரா?" என்கிறார்.

உம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லாதே.

ஸாஜிதா


ஓலக்கடவு
மே 12, வெள்ளி

இத்தாத்தா,

உன் கடிதத்தை ஒரு சமையல் புத்தகத்துக்குள் வைத்துத் தந்தார் பவித்ரேட்டன். உறையின் பின்னால் 'சுமதி' என்று இருந்ததைப் பார்த்து, "இந்தச் சுமதிக்கு நம்ம ஸாஜிதாவோட கையெழுத்து அப்படியே வாச்சிருக்கு பாரு" என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. யாரும் கேட்கவில்லை.

பகலில் தண்ணீரில் நிறம் ஒன்றும் இல்லை. பால் விடாத கட்டன் சாயாவில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதுபோல் லேசான பழுப்பு, அதுவும் நிழல் விழும் இடத்தில் மட்டும். போன வருஷம் கடல் முழுக்க ரத்தம்போல இருந்ததே, அதுபோல எதுவும் இல்லை. அப்படியானால் நல்லதுதானே? நிறம் இல்லாவிட்டால் விஷமும் இல்லையா, அல்லது நிறம் இல்லாமலும் வருமா? நீ அதை எழுதவில்லை.

நேற்று உம்மா பதம் பார்க்க இரண்டு காயை வேகவைத்துத் தின்றாள். கொஞ்ச நேரம் கழித்து உதட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள். "என்ன உம்மா?" என்றேன். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. அந்த மொளகு அவ்வளவு காரம்" என்றாள். இத்தாத்தா, நான் பக்கத்தில்தான் நின்றேன். உம்மா உப்பு மட்டும்தான் போட்டாள். மிளகு போடவில்லை.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஶ்ரீமதியேச்சி படகிலிருந்து, "ஆசியாத்தா, மானத்தப் பாருங்க! இந்தத் தடவையும் மழைக்குக் குடுத்துட்டா நான் உங்க வீட்டு வாசல்லதான் வந்து படுப்பேன்" என்று கத்தினாள். "படுத்துக்கோ, பாய் நான் தரேன். அடுத்த வார வெள்ளிக்கிழமை மொதக் கயிறு" என்றாள் உம்மா. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

முதல் கயிறு விற்பதற்கு இல்லை, பகிர்வதற்கு. அது உனக்கே தெரியும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் காயில் அரிசிமாவு அடைத்து வேகவைத்துக் கொடுத்தனுப்புவோம். வீட்டில் இளைய பெண்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். முன்பு நீ போனாய், இப்போது நான்.

நீ பேசாதே என்று எழுதியிருக்கிறாய். அதனால் பேசவில்லை. பயந்து பேசாமல் இருக்கிறேனா, நீ சொன்னதற்காகப் பேசாமல் இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாவது என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

அடுத்த வெள்ளிக்கு முன்னால் பதில் போடு. உம்மா எழுந்துவிட்டாள். கதவைத் தட்டுகிறாள்.

நிஹாலா


ஐதராபாத்
மே 16, செவ்வாய்
விரைவுத் தபால்

நிஹா,

காயைத் தொடாதே. யாரும் தொடக் கூடாது.

நிறம் இல்லாமலும் வரும். அதை நான் எழுதியிருக்க வேண்டும். உதட்டில் எறும்பு ஊர்வதுதான் முதல் அடையாளம். பிறகு நாக்கு, விரல் நுனி, கால். அதற்கும் மேலே போனால் நெஞ்சு மூச்சை இழுக்க மறந்துவிடும். வேகவைத்தாலும் போகாது, புளி ஊற்றினாலும் போகாது. உம்மா தின்றது இரண்டு. மாவு அடைத்துச் செய்தால் ஒரு ஆள் இருபது தின்பார்.

உன் கடிதத்தைப் படித்ததும் பழைய படங்களை மறுபடி திறந்தேன். மேகம் விலகிய ஒரே ஒரு படத்தில் கழிமுகத்தை ஒட்டி இரண்டு கட்டங்கள். சேறு என்று நான் தள்ளிவைத்தவை. சேறு கடலை நோக்கிப் போகும். இது கடல் நீர் ஏறும்போது அதோடு காயலுக்குள் போயிருக்கிறது.

உம்மாவுக்கு வேறு ஆள் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். பஞ்சாயத்து மெம்பரைக் கூப்பிட்டேன். "மோளே, போன வருஷம் நீ சொன்னதுக்கே எனக்கு ஓட்டுப் போச்சு" என்று சிரித்தார். மீன்துறையில் ஒருவர் தண்ணீர் எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார், அடுத்த வாரம். மேலதிகாரியிடம் இரண்டு கட்டங்களையும் காட்டினேன். "ரெண்டு கட்டத்த வெச்சு ஒரு கரையையே மூட முடியுமா?" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

பேசாதே என்று சொன்னதை மறந்துவிடு. நான்தான் பயந்தேன், என் பயத்தை உன் வாயில் வைத்து அடைத்தேன். இப்போது பேசு. கத்து. என் பெயரைச் சொல். அடித்தால் வாங்கிக்கொள். பானையைக் கவிழ்த்துவிடு. பவித்ரேட்டனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

ரயிலில் இடம் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும்.

ஸாஜிதா


ஓலக்கடவு
ஜூன் 9, வெள்ளி

இத்தாத்தா,

இதைக் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், பகலில். வெளியே மழை. உம்மா கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடிக்கிறாள். கரண்டியை அவளே பிடித்துக்கொள்கிறாள்.

நீ ஞாயிறு புறப்படவில்லை என்பதற்காக எனக்குக் கோபம் இல்லை. அதற்குள் செய்தி எல்லா டிவியிலும் வந்து, உன்னை அங்கேயே படம் பார்க்கச் சொல்லி நிறுத்தி வைத்துவிட்டார்கள் என்று மருத்துவமனைக்கு வந்த அதிகாரி சொன்னார். இப்போது கரை முழுவதற்கும் காய் எடுக்கத் தடை. உன் இரண்டு கட்டங்களை அவர் ஒரு தாளில் அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார். இப்போது எல்லாரும் அதை நம்புகிறார்கள்.

நடந்ததைப் பாதிதான் கேள்விப்பட்டிருப்பாய். மீதியை நான் எழுத வேண்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமையே வாசகசாலைக்கு வந்துவிட்டது. அன்று என்னால் போக முடியவில்லை. மறுநாளைக்காக அரிசி ஊறப்போடுவதற்கும் மாவு இடிப்பதற்கும் உம்மா என்னை அசைய விடவில்லை. மறுநாள் மதியம் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக்குப் போனேன். கடைசி வீடு பவித்ரேட்டனுடையது. தனியாள் என்பதால் உம்மா அவருக்குத்தான் அதிகம் வைத்திருந்தாள்.

மூடியைத் திறந்து மூக்கை நுழைத்துவிட்டு, "பவித்ரன் செத்தா சொர்க்கத்துல இது கிடைக்குமான்னு உங்க உஸ்தாத்கிட்ட கேட்டுச் சொல்லு. இல்லேன்னா நான் போகல" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்ல புத்தகம் ஒண்ணு வந்திருக்கு. விரைவுத் தபால்ல வந்த புத்தகம். சாயங்காலம் வா, எடுத்துத் தரேன்" என்றார்.

எனக்குப் புரிந்தது. இப்போதே வேண்டும் என்று கேட்டிருக்கலாம். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. வாசகசாலை அடுத்த வளைவில். ஆனால் வீட்டில் காத்திருந்தார்கள். அதோடு, அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று எனக்குப் பயம். சாயங்காலம் வரை தெரியாமல் இருந்தால் நல்லது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

படியில் நின்றுகொண்டு நான் சொன்னது ஒன்றுதான். "கொஞ்சமா சாப்பிடுங்க, பவித்ரேட்டா."

"கொஞ்சமா சாப்பிடறதுக்கு இது என்ன மருந்தா?" என்று சிரித்தார்.

வீட்டில் எல்லாரும் தின்றார்கள். நான் தின்னவில்லை. உம்மாவேதான் என் தட்டைத் தள்ளிவைத்தாள். "ரெண்டு வாரமா வயிறு போயிட்டிருக்கு, இவளுக்குக் கல்லுமக்காய் வேறயா? கஞ்சி குடி" என்றாள். உனக்கு எழுதுவதற்காக நான் சொன்ன பொய், இத்தாத்தா. அது என்னைக் காப்பாற்றிவிட்டது. வேறு யாரையும் இல்லை.

முதலில் ஶ்ரீமதியேச்சிதான் நாக்கு மரத்துவிட்டது என்றாள். பிறகு உம்மா தம்ளரைக் கீழே போட்டாள். எடுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் நான் கத்தினேன். உன் பெயரைச் சொல்லித்தான் கத்தினேன். யாரும் அடிக்கவில்லை. ஜீப் வந்தது. தின்றவர்கள் எல்லாரையும் ஏற்றினோம். நாலு வீட்டுக்கும் ஓடினேன். ஓடியபோது மூன்று வீட்டில் ஆள் இருந்தார்கள்.

பவித்ரேட்டன் வீட்டில் இல்லை. உடம்பு என்னவோ செய்கிறது என்று ஜங்ஷனுக்கு நடந்திருக்கிறார். சாயாக்கடைக்கு முன்னால் கால் பின்னி விழுந்திருக்கிறார். பேச முயன்றபோது வார்த்தை குழறியிருக்கிறது. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். "பவித்ரா, பட்டப்பகல்லயே ஏத்திட்டியா?" என்று கேட்டு, நிழலாக இருக்கட்டும் என்று வாசகசாலைத் திண்ணையில் படுக்க வைத்தார்களாம். குடிக்காத மனுஷன் ஒரு நாள் குடித்தால் இப்படித்தான் என்று ஒருவர் தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்தாராம். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் துண்டு அவர் முகத்தின் மேல் இருந்தது.

நான் அந்த வாத்துகளை நினைத்தேன்.

மற்ற எல்லாரும் பிழைத்தார்கள். உம்மாவுக்கு இரண்டு நாள் குழாய் வைத்து மூச்சு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மெல்ல விரல் அசைந்தது. கண் திறந்ததும் என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். குழாயை எடுத்த பிறகு முதலில் கேட்டது, "பவித்ரனுக்குக் குடுத்தியா?" என்றுதான். குடுத்தேன் என்றேன்.

வாசகசாலையைப் போன வாரம் திறந்தார்கள். புத்தகங்களை எண்ண வந்தவர்கள் ஒரு பெரிய புத்தகத்தை என் பெயர் எழுதிய சீட்டோடு தனியாக வைத்திருந்ததைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே உன் கடிதம். ஒட்டியது ஒட்டியபடி. "பவித்ரேட்டனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு" என்ற வரியை நான் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தேன்.

மழைக்கு முந்தைய நாள் உம்மா நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு காயலுக்கு வந்தாள். குழுப் பெண்கள் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். உம்மா அரிவாளை வாங்கி முதல் மூங்கிலில் கட்டியிருந்த கயிற்றை அறுத்துவிட்டாள். காய்கள் நல்ல கனமாக இருந்தன. ஒரே சத்தத்தில் மூழ்கின. பிறகு ஒவ்வொருத்தியும் தன் கயிற்றை அறுத்தாள். ஶ்ரீமதியேச்சி மட்டும் அழுதாள். என்னை யாரும் குட்டி சாட்டிலைட் என்று கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நேற்று உன் பழைய கடிதத்தை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நீ கட்டங்களைப் பற்றி எழுதியிருந்த கடிதம். கேட்டு முடித்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டே, "அப்ப அங்கேர்ந்து அவளுக்கு நம்ம வீடு தெரியாதா?" என்றாள்.

"தெரியாது உம்மா. நம்ம காயலையே கரைன்னு வரைஞ்சு வெச்சிருக்கு."

"எத்தன நாளா?"

"எப்பவுமே."

உம்மா போர்வையை இழுத்துக்கொண்டாள். மழை ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பிறகு, "போன் பண்ணாதே. என்னால பேச முடியாது. எழுது. வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு" என்றாள்.

எழுதிவிட்டேன். எப்போது வருகிறாய் என்று பதில் போடு. இனி வாசகசாலை முகவரி வேண்டாம், அங்கே வாங்கி வைக்க ஆள் இல்லை. வீட்டு முகவரிக்கே எழுது. உறையின் பின்னால் உன் பெயரைப் போடு.

நிஹாலா